யாரை எடுத்திருக்க வேண்டும்?

நமது சென்னை நகரத்தில் சபைகளுக்குப் பஞ்சமே கிடையாது. சங்கீத சபைகள் இருக்கின்றன. நாடக சபைகள் இருக்கின்றன. கோட்டையில் சட்டசபை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தலைவர் உண்டு, காரியதரிசி உண்டு, கூடுவதற்கும் கலைவதற்கும் காலம் உண்டு. தலைவரும் காரியதரிசியும் சந்தாவும் இல்லாமல், வருஷத்தில் 365 நாளும் கூடி, ஒரு தீர்மானத்தைக் கூட நிறைவேற்றாமல் கலைகிற சபை ஒன்று உண்டு. அதுதான் பாலவாக்கம் கடற்கரையில் சாயங்கால வேளையில் கூடுகிற கிரிக்கெட் ரஸிகர்களின் மகாசபை.

பாலவாக்கம் எங்கே இருக்கிறது என்று வெளியூர் நேயர்கள் கேட்கலாம். திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு தெற்கே சென்றால் முதலில் கொட்டிவாக்கம் வரும், அடுத்தாற்போல் பாலவாக்கம், அதற்கும் அப்பால் நீலாங்கரை. வெகு காலம் பக்கத்து ஜில்லாவைச் சேர்ந்த கிராமமாக இருந்துவிட்டு, 2011-ம் வருஷத்தில்தான் சென்னைக் கார்ப்பொரேஷனுக்குள் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் மீனவர் குப்பம். மறு பக்கம் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாடகை கட்டி மாளாமல் இங்கே குடிபெயர்ந்து வந்த குடும்பங்கள். ஆனால் மணலில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசத் தொடங்கினால் எல்லாரும் ஒரே ஜாதி.

இந்தச் சபையில் நடக்கும் விவாதங்களில் நிரந்தரமானது ஒன்று: "நம் கோஷ்டி யாரை எடுத்திருக்க வேண்டும்?" என்பது. நம் கோஷ்டி என்றால் சென்னை சூப்பர் கிங்ஸ். இந்தியன் பிரீமியர் லீக் பந்தயங்களில் 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து வருஷங்களில் கோப்பையை வென்ற கோஷ்டி அது. அப்பேர்ப்பட்ட கோஷ்டி 2025-ம் வருஷத்தில் பத்துக் கோஷ்டிகளில் பத்தாவதாக வந்து நின்றது. அது தோன்றிய நாள் முதல் அப்படி ஒரு முறையும் நேர்ந்ததில்லை. வீட்டில் பையன் பரீட்சையில் தவறிவிட்டால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? "அந்த டியூஷன் வாத்தியாரை வைத்திருக்க வேண்டும், இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்க வேண்டும்" என்று ஆரம்பித்து விடுவார்கள் அல்லவா? பாலவாக்கத்துச் சபையும் அப்படியே ஆரம்பித்தது. இன்னும் முடிந்தபாடில்லை.

குற்றச்சாட்டை முதலில் கேட்போம். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் விரல் விட்டு எண்ணுகிறார்கள். சென்னையில் பிறந்த ஸாயி சுதர்சன் 2025-ம் வருஷப் பந்தயங்களில் 759 ரன் எடுத்து, எல்லாரிலும் அதிகமாக ரன் குவித்தவர் என்ற கௌரவத்தைப் பெற்றார். எந்தக் கோஷ்டிக்காக? குஜராத் கோஷ்டிக்காக. வருண் சக்கரவர்த்தி 2024-ல் 21 விக்கெட்டுகளை வீழ்த்தி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கிருந்து? நம்முடைய சேப்பாக்கம் மைதானத்திலிருந்தே. எந்த ஊருக்கு? கல்கத்தாவுக்கு. சேலத்துக்குப் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரத்தில் ஒரே டெஸ்டில் இந்தியாவுக்காக முதன்முதலாக இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். சுந்தர் அதற்கு மேல் 62 ரன்னும் எடுத்தார். இந்தியா ஜயித்தது. இந்த நாலு பேரில் ஒருவராவது சென்னைக் கோஷ்டியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தப் பந்தயங்களில் ஆடினார் என்று 2025-ம் வருஷம் முடிகிற வரையில் சொல்வதற்கில்லை.

இந்தக் குறை ரஸிகர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்த இரவு ஒன்று உண்டு. 2023-ம் வருஷம் மே 29-ந் தேதி. ஆமதாபாத்தில் கடைசிப் பந்தயம். முந்திய நாள் மழை கொட்டியபடியால் ஒரு நாள் தள்ளிப் போடப்பட்டது. குஜராத் கோஷ்டிக்காக ஸாயி சுதர்சன் 47 பந்துகளில் 96 ரன் எடுத்தார். ஒவ்வொரு பந்து எல்லைக் கோட்டைத் தாண்டும்போதும் சென்னை வீடுகளில் ஜனங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நம் ஊர்ப் பிள்ளை அடிக்கிறானே என்று சந்தோஷப்படுவதா? நம் கோஷ்டியை அடிக்கிறானே என்று வருத்தப்படுவதா? ஒரே வீட்டில் தகப்பனார் தலையில் கையை வைத்துக்கொண்டார், பாட்டியோ, "எந்தக் கோஷ்டியாய் இருந்தால் என்ன? குழந்தைக்கு இன்னும் நாலு ரன் கிடைத்தால் நூறாகிவிடும்" என்று வேண்டிக்கொண்டார். பிறகு மறுபடியும் மழை வந்து, ஓவர்களைக் குறைத்து, நள்ளிரவுக்கு அப்புறம் ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் ஒரு ஸிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துச் சென்னையை ஜயிக்க வைத்தார். கோப்பை வந்துவிட்டபடியால் முள்ளைப் பற்றி அப்போது பேச்சில்லை. 2025-ல் கோப்பையும் போயிற்று. முள் மட்டும் மிச்சம்.

இனி எதிர்வாதம். அதற்கு முன்னால் இந்த ஏலம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். கடலோரக் குப்பங்களில் காலை வேளையில் மீன் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூடை ஏந்தி வரும் அம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பணம் இவ்வளவு என்று நிர்ணயம். வஞ்சிரம் பளபளவென்று இருக்கிறதே என்று எல்லாப் பணத்தையும் அதற்கே கொட்டிவிட்டால், தெருவில் நூறு வீட்டுக்கு விற்பதற்கு நெத்திலி வாங்கக் காசு எங்கே? கிரிக்கெட் ஏலமும் அதே மாதிரிதான். 2024 நவம்பரில் ஸௌதி அரேபியாவின் ஜெட்டா நகரத்தில் இரண்டு நாள் நடந்த ஏலத்தின்போது, ஏற்கெனவே நிறுத்தி வைத்துக்கொண்ட ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஒரு கோஷ்டிக்கு மொத்தம் 120 கோடி ரூபாய் என்று எல்லை வகுத்திருந்தார்கள். அதற்குள் குறைந்தது 18 பேர், அதிகமாய்ப் போனால் 25 பேர். அவர்களில் அந்நிய தேசத்தார் எட்டுப் பேருக்கு மேல் கூடாது; மைதானத்தில் இறங்கும்போது சாதாரணமாக நாலு பேருக்கு மேல் கூடாது. ஆகையால் ஒருவரை எடுப்பது என்றால் இன்னொருவரை விடுவது என்றே அர்த்தம்.

இதனால்தான், "அவரை எடுத்திருக்க வேண்டும்" என்று யாராவது ஆவேசமாகச் சொல்லும்போது, சபையின் ஓரத்தில் உட்கார்ந்து பேரக் குழந்தைக்குச் சுண்டல் ஊட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாமி, "அது சரி, அவருக்குப் பதிலாக யாரை விட்டிருப்பாய், தம்பி?" என்று கேட்கிறார். முப்பது வருஷம் ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்கு இந்தக் கேள்வி இயற்கையாக வருகிறது. பையன்களுக்குப் பதில் சொல்ல வாய் எழுவதில்லை. மாமியின் கேள்வியை முதல் உரைகல்லாக வைத்துக்கொண்டு பழைய வழக்குகளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் வழக்கு 2008-ம் வருஷத்தது. பிப்ரவரி 20-ந் தேதி பம்பாயில் முதல் ஏலம். ஒவ்வொரு கோஷ்டிக்கும் 50 லக்ஷம் டாலர் செலவு செய்ய உத்தரவு. பம்பாய்க்கு டெண்டூல்கர், கல்கத்தாவுக்கு கங்கூலி, பெங்களூருக்கு திராவிட், டில்லிக்கு ஸேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ் என்று ஐந்து கோஷ்டிகளுக்கு ஊர் நக்ஷத்திரங்களை ஏலமில்லாமலே கொடுத்துவிட்டார்கள். சென்னைக்கு அப்படி ஒருவரும் இல்லை. நம் ஊருக்கு நக்ஷத்திரம் இல்லையே என்று பலர் அன்று குறைப்பட்டார்கள். அந்த நக்ஷத்திரங்களுக்கு ஒரு விதி இருந்தது: கோஷ்டியில் மற்றவர்களில் யார் அதிக விலை பெறுகிறாரோ, அவரைக் காட்டிலும் நூற்றுக்கு 15 வீதம் கூடுதலாக நக்ஷத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே நக்ஷத்திரம் உள்ள கோஷ்டி தோனிக்கு ஒரு டாலர் ஏற்றினால் அதோடு இன்னொரு டாலருக்கு மேலும் எடுத்து வைக்கவேண்டியதாயிற்று. சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. 15 லக்ஷம் டாலருக்குத் தோனியை எடுத்தது. இல்லாமையே அன்று மூலதனமாக அமைந்தது.

அன்றைக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்த விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக், சென்னை முதலில் தம் பெயரைத்தான் சொல்லும் என்று எதிர்பார்த்திருந்ததாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். தோனியும் விக்கெட் கீப்பர். ஒரு கோஷ்டிக்கு இரண்டு பேர் எதற்கு? கார்த்திக்கை டில்லி எடுத்தது. பிறகு பஞ்சாப், பம்பாய், மறுபடி டில்லி, பெங்களூர், குஜராத் லயன்ஸ், கல்கத்தா, மறுபடி பெங்களூர் என்று 2024 வரையில் 17 வருஷம், ஆறு கோஷ்டிகளுக்கு ஆடினார். சொந்த ஊர்க் கோஷ்டிக்கு ஒரு நாளும் ஆடவில்லை. கேட்பதற்கு மனம் கசிகிறது. ஆனால் மாமியின் கேள்வியைக் கேளுங்கள்: தோனியை விட்டிருப்பீர்களா? சபையில் ஒரு கையாவது உயரட்டும், பார்க்கலாம்!

இரண்டாவது வழக்கு அஷ்வினுடையது. ரவிச்சந்திரன் அஷ்வின் சென்னைக் கோஷ்டியிலேயே வளர்ந்தவர். 2011-ம் வருஷம் சேப்பாக்கத்தில் நடந்த கடைசிப் பந்தயத்தில், முதல் ஓவரிலேயே கெய்லை ரன் எடுக்காமல் அனுப்பி வைத்தாரே, அவர். அன்று முரளி விஜய் 95 ரன் எடுத்தார். பத்ரிநாத்தும் அந்தக் கோஷ்டியில் இருந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சென்னைக் கோஷ்டி இடமே கொடுத்ததில்லை என்று சொல்லுகிறவர்கள் இந்த நாளை மறந்து பேசுகிறார்கள். பிறகு கோஷ்டி இரண்டு வருஷம் தடைப்பட்டது. 2018 ஜனவரியில் திரும்பி வந்தபோது, தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் முன்கூட்டியே வைத்துக்கொண்டபடியால், இந்தியாவுக்கு ஆடிய நான்காவது ஒருவரைப் பழைய உரிமையைக் கொண்டு மீட்கக் கூடாது என்பது விதி. அஷ்வின் பகிரங்க ஏலத்துக்குப் போய், 7 கோடி 60 லக்ஷத்துக்குப் பஞ்சாபைச் சேர்ந்தார். பாலவாக்கத்தில் அன்று கூக்குரல். அஷ்வினுக்குப் பதிலாக ஹர்பஜன் 2 கோடிக்கும், இம்ரான் தாஹிர் 1 கோடிக்கும் வந்தார்கள். "இது கிழவர்களின் கோஷ்டி" என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். 2 கோடி 20 லக்ஷத்துக்கு வந்த அம்பாட்டி ராயுடு அந்த வருஷம் 602 ரன் எடுத்தார். 4 கோடிக்கு வந்த வாட்ஸன் கடைசிப் பந்தயத்தில் ஆட்டமிழக்காமல் 117 ரன் எடுத்தார். கிழவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. "அஷ்வினைத் திரும்ப எடுக்க வேண்டும்" என்ற கோரிக்கை வருஷா வருஷம் சபையில் எழுந்துகொண்டே இருந்தது. ஜெட்டா ஏலத்தில் அது நிறைவேறியும் விட்டது. 9 கோடி 75 லக்ஷம் கொடுத்து, 38 வயதில், அஷ்வின் சொந்த வீட்டுக்கு வந்தார். ஒன்பது பந்தயங்களில் ஏழு விக்கெட். கோஷ்டிக்குப் பத்தாவது இடம். அந்த ஆகஸ்டிலேயே இந்தப் பந்தயங்களிலிருந்து விடைபெற்றுக்கொண்டார். டெஸ்ட் பந்தயங்களில் 537 விக்கெட்டுகளைக் குவித்த மகா நிபுணர் அவர். அவர் பெருமைக்கு இதனால் குறைவில்லை. ஆனால் எடுக்க வேண்டியவரை எடுப்பதோடு எடுக்க வேண்டிய காலத்தில் எடுப்பதும் முக்கியம் என்பது இதனால் விளங்குகிறது.

மாமியின் கேள்விக்கு அடுத்தபடியாக நாமே இன்னொரு கேள்வியைக் கேட்கலாம்: ஏலம் நடந்த அன்று என்ன தெரிந்திருந்தது? நேற்றைய சீட்டுக் குலுக்கலின் எண் இன்று எல்லாருக்கும் தெரியும். வருண் சக்கரவர்த்தியையே எடுத்துக்கொள்வோம். கட்டடக் கலை படித்து, அந்தத் தொழிலைச் செய்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். 2018 டிசம்பர் ஏலத்தில் அவருடைய ஆரம்ப விலை 20 லக்ஷம்; பஞ்சாப் எடுத்தது 8 கோடி 40 லக்ஷத்துக்கு. 42 மடங்கு! அந்த வருஷம் அவர் ஆடியது ஒரே ஒரு பந்தயம். முதல் ஓவரிலேயே 25 ரன் கொடுத்தார். பஞ்சாப் அவரை விட்டுவிட்டது. இதே வருணை அந்த விலைக்குச் சென்னை எடுத்து, அதே மாதிரி நடந்திருந்தால், இன்று "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்கும் இதே நாக்குகள் அன்று என்ன சொல்லியிருக்கும்? கல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்து, பொறுமையாக வைத்துக்கொண்டு, ஆளாக்கியது. நடராஜன் கதையும் அப்படியே. 2017-ல் 3 கோடிக்குப் பஞ்சாப். அடுத்த வருஷம் 40 லக்ஷத்துக்கு ஹைதராபாத். அங்கே 2018, 2019 இரண்டு வருஷமும் ஒரு பந்தயங்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2020-ல் தான் அவருடைய யார்க்கர் பந்துகளைத் தேசம் பார்த்தது. ஆட்டக்காரரை ஏலத்தில் வாங்கிவிடலாம். அவரை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பொறுமை எந்த ஏலத்துக்கும் வருவதில்லை.

காத்திருந்தும் பயன் தெரியாமல் போவதும் உண்டு. நாராயணன் ஜகதீசனைச் சென்னைக் கோஷ்டி 2018 முதல் வைத்திருந்தது; ஆட விட்டதோ சில பந்தயங்களே. 2022 நவம்பரில் அவரை விடுவித்தது. அதே மாதம் 21-ந் தேதி அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அவர் 141 பந்துகளில் 277 ரன் எடுத்து உலக சாதனை செய்தார். தொடர்ந்தாற்போல் ஐந்து சதம்! "வைரத்தைத் தெருவில் எறிந்தார்கள்" என்று பாலவாக்கத்தில் ஒரே அமர்க்களம். கல்கத்தா 90 லக்ஷத்துக்கு எடுத்தது; 2023-ல் அங்கே அவருக்குச் சோபிக்கவில்லை. அந்த வருஷமே அவர்களும் விட்டுவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள்: பிசகு யாருடையது? பிசகு என்று ஒன்று இருந்ததா?

இத்தனை விவகாரத்துக்கும் பிறகு மிஞ்சுவது என்ன? பெரும்பாலான வழக்குகள் தள்ளுபடியாகின்றன. ஆனால் ஒரே ஒரு வழக்கு நிற்கிறது. அது ஸாயி சுதர்சனுடைய வழக்கு.

2022 பிப்ரவரியில் பெங்களூரில் ஏலம். குஜராத் அவரை எடுத்தது 20 லக்ஷத்துக்கு. அதாவது ஆரம்ப விலைக்கே. வேறு ஒருவரும் விலையை ஏற்றவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதே ஏலத்தில் சென்னை தீபக் சாஹருக்கு 14 கோடி கொடுத்தது. சாஹர் நல்ல பந்து வீச்சாளர்; காயத்தினால் அந்த வருஷம் முழுவதும் ஆட முடியாமற் போனது அவர் குற்றமும் அல்ல, கோஷ்டியின் குற்றமும் அல்ல. ஆனால் 14 கோடிக்கு 20 லக்ஷத்தார் எழுபது பேரை வாங்கலாம். ஆகவே, "அவருக்குப் பதிலாக யாரை விட்டிருப்பாய்?" என்ற மாமியின் கேள்வி இங்கே செல்லாது. யாரையும் விட வேண்டியதில்லை. "அன்று என்ன தெரிந்திருந்தது?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. முந்திய வருஷம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அந்தப் பையன் கோவைக் கோஷ்டிக்காக ஆடியதை டெலிவிஷனில் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். மற்ற ஊர்க் கோஷ்டிகள், "தூரத்தில் இருந்தோம், தெரியவில்லை" என்று சாக்குச் சொல்லலாம். சென்னைக் கோஷ்டிக்கு அந்தச் சாக்கு இல்லை. இது பணத்தின் குறை அல்ல, கண்ணின் குறை.

ஒரு வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், தமிழ்நாடு லீக்கின் ஏலத்தில் கோவைக் கோஷ்டி அதே ஸாயி சுதர்சனுக்குக் கொடுத்த விலை 21 லக்ஷத்து 60 ஆயிரம். அகில இந்தியப் பந்தயத்தில் கிடைத்ததைக் காட்டிலும் உள்ளூர்ப் பந்தயத்தில் அதிகம்! ஊர்க் கண்ணுக்கு மதிப்புத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இந்த இடத்தில் சில உற்சாகிகள் ஒரு படி மேலே போய், "தமிழ்நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டே கோஷ்டி அமைக்க வேண்டும், வெளியூரார் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்ததுதான் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம். முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். ஒரே நாளில் சென்னை ஜயித்துவிட்டது. அன்று 11 விக்கெட்டுகளை வீழ்த்தி ஜயத்தைத் தேடித் தந்தவர் ஏ. ஜி. ராம்சிங். அமிருதசரஸைப் பூர்வீகமாகக் கொண்ட சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தலைப்பாகையும் தாடியுமாகச் சென்னைக்கே ஆடியவர். அவரை இந்தியக் கோஷ்டியில் டெஸ்ட் ஆட எடுத்திருக்க வேண்டும் என்று சென்னை ரஸிகர்கள் ஆயுள் முழுவதும் வாதாடினார்கள். கடைசி வரையில் எடுக்கவில்லை. அவருடைய குமாரர் கிருபால் சிங் 1955-ல் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தபோதுதான் அந்த மனக்குறை சற்றே ஆறியது. ராம்சிங்கைத் தன் பிள்ளை என்று கொண்டாடிய ஊர்தான் ராஞ்சியிலிருந்து வந்த தோனியையும் கொண்டாடுகிறது. ஒருவர் நம்மவராவதற்கு இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று சென்னை ஒரு நாளும் நிபந்தனை விதித்ததில்லை. அது நம் ஊரின் பெருமைகளில் ஒன்று; அதை ஒரு பத்தாவது இடத்துக்காக விட்டுக் கொடுக்கலாகாது.

ஆகவே வெளியூர்ப் பிள்ளை எதற்கு என்று கேட்பது பொருந்தாது. உள்ளூர்ப் பிள்ளையை யார் பார்த்தார்கள் என்று கேட்பதுதான் பொருந்தும். 2025 நவம்பரில் சென்னை, ஜடேஜாவையும் ஸாம் கர்ரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுக் கேரளத்து ஸஞ்ஜு ஸாம்ஸனை மாற்றி வாங்கிக்கொண்டது. அடுத்த மாத ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடியிராத இளைஞர்கள் இருவருக்கு ஆளுக்கு 14 கோடி 20 லக்ஷம் கொடுத்தது. ஒருவர் ராஜஸ்தானத்தார், மற்றவர் உத்தரப் பிரதேசத்தார். இளைஞர்களைத் தேடும் புத்தி வந்துவிட்டது என்பது இதனால் தெளிவாகிறது. ஜெய்ப்பூர் வரையில் நீளுகிற பார்வை சேப்பாக்கத்துக்குப் பின் சந்திலும் விழ வேண்டும் என்று கேட்பதில் குறுகிய புத்தி ஒன்றும் இல்லை.

ஏனென்றால் இதில் கோப்பையைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பையனை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்த்தி, அவன் உயரத்துக்கு ஒரு கிரிக்கெட் பையையும் சுமந்துகொண்டு பயிற்சிக்குப் போகிற தகப்பனார்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மட்டை வாங்குவதற்காகத் தீபாவளிப் புடவையைத் தள்ளிப் போடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். தன் மகன் ஸாயி சுதர்சன் ஆக மாட்டான் என்று அவர்களில் பலருக்கு உள்ளூரத் தெரியும். ஆயினும் அவன் நன்றாக ஆடினால் இந்த ஊரில் யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை ஒன்று வேண்டுமே! அந்த நம்பிக்கை இருக்கிற வரையில்தான் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்திருப்பார்கள்.

பார்க்க வேண்டிய கடமை கோஷ்டியின் முதலாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. நமக்கும் அதில் பங்கு உண்டு. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் பந்தயங்கள் நகரத்தைச் சுற்றிலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. வேளச்சேரி குரு நானக் கல்லூரி மைதானத்திலும், அடையாற்றுப் பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்து மைதானத்திலும், பழைய மாமல்லபுரம் சாலையில் காலவாக்கத்துக் கல்லூரி மைதானத்திலும் நாளைய ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாலவாக்கத்திலிருந்து இவை எட்டாத தூரமல்ல. ஆனால் பந்தயத்தை வேடிக்கை பார்க்க யார் வருகிறார்கள்? ஆட்டக்காரர்கள், அம்பையர்கள், புள்ளி எழுதுகிறவர், நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு பெரியவர்கள். அவ்வளவுதான். சேப்பாக்கத்து டிக்கெட்டுக்கு நடுநிசியில் வரிசையில் நிற்கிற நம்மில் எத்தனை பேர் ஒரு லீக் பந்தயத்தைப் பாதி நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்?

ஆகவே பாலவாக்கத்து மகாசபைக்கு நாம் ஒரு சிறு யோசனை சொல்லி வைக்கிறோம். வாரத்தில் ஆறு நாள் வழக்கம்போல் மணலில் கூடி, யாரை எடுத்திருக்க வேண்டும் என்று விவாதிக்கட்டும். ஏழாவது நாள் சபை அப்படியே ஒரு லீக் மைதானத்துக்கு இடம் மாறட்டும். மாமி சுண்டலைக் கொண்டு வரட்டும். அங்கே ஆடுகிற பதினெட்டு வயதுப் பையன்களில் ஒருவன் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஏலத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே, "இவனை எடுக்க வேண்டும்" என்று உரக்கச் சொல்லட்டும். கோஷ்டியார் கேட்பார்களா என்பது வேறு விஷயம். கேட்கவில்லை என்றால், அப்புறம் வருஷம் முழுவதும் விவாதிப்பதற்குச் சபைக்கு நியாயமான காரணம் ஒன்றாவது கிடைக்கும் அல்லவா?